தூக்குக் கயிற்றை நிறுத்தும் கை

திருக்கோவலூரை ஆண்ட மலையமானுடைய குழந்தைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லும்படி கிள்ளிவளவன் என்னும் சோழ மன்னன் கட்டளையிட்டான். பகைவன் மேல் இருந்த கோபம் பச்சைக் குழந்தைகள் மேல் பாய்ந்தது. அந்தச் சமயத்தில் கோவூர் கிழார் என்னும் புலவர் குறுக்கே வந்து நின்றார். சோழ குலத்தின் பெருமையை மன்னனுக்கு நினைவூட்டினார். யானையைப் பார்த்து அழுகையை மறந்து, மன்றத்தைக் கண்டு மிரண்டு நிற்கும் பாலர்களைச் சுட்டிக் காட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு முடிவை மன்னனுக்கே விட்டார். யானை நின்றது. குழந்தைகள் பிழைத்தார்கள். புறநானூறு இந்த வரலாற்றை நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

திருக்கோவலூருக்கு இதே போன்ற இன்னொரு பெருமையும் உண்டு. அங்கிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரை முத்தநாதன் என்பவன் சிவனடியார் வேஷத்தில் வந்து குத்தினான். வாளை உருவிய மெய்காவலன் தத்தனை நாயனார் தடுத்தார். அதோடு விட்டாரா? கொலைகாரனுக்கு ஊர் ஜனங்களால் தீங்கு நேராதபடி எல்லை வரையில் கொண்டு போய் விட்டு வரும்படியும் கட்டளையிட்டார். தத்தன் திரும்பி வந்து செய்தி சொன்ன பிறகே அவருடைய உயிர் பிரிந்தது.

திருக்கோவலூர் நம்முடைய பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். நெய்வேலியில் வசிக்கும் நமக்கு அண்டை வீட்டைப் போன்றது. ஆகவே, தண்டனையை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்தச் சீமையில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று சொல்லலாம். கொடியவர்களை வேந்தன் தண்டிப்பது பயிரினிடையே களை எடுப்பதற்குச் சமானம் என்று வள்ளுவர் செங்கோன்மையில் சொல்லியிருக்கிறார். அதே வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு ஒரு தனி அதிகாரமும் வகுத்திருக்கிறார். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன.

நிற்க. மன்னர்கள் போய்விட்டார்கள். யானையை நிறுத்தும் அதிகாரம் இப்போது யாரிடம் இருக்கிறது?

இரண்டு ஷரத்துகள்

நமது அரசியல் சட்டத்தின் 72-வது ஷரத்து ஜனாதிபதிக்கும், 161-வது ஷரத்து கவர்னருக்கும் இந்த அதிகாரத்தை அளிக்கின்றன. தண்டனையை அடியோடு மன்னிக்கலாம், கடுமையான தண்டனையை இலேசானதாக மாற்றலாம், காலத்தைக் குறைக்கலாம், அல்லது நிறைவேற்றாமல் சில காலம் நிறுத்தி வைக்கலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னது பார்வைக்கு மிகச் சிறியது. ஆனால் தூக்குத் தண்டனையைப் பொறுத்த மட்டில் அதுவே மற்ற எல்லாவற்றுக்கும் வாசல். கயிறு ஒரு நாள் தாமதித்தால்தான் மன்னிப்பைப் பற்றி மறு நாள் யோசிக்க முடியும். மாண்ட பிறகு வருகிற மன்னிப்பினால் யாருக்கு என்ன லாபம்?

72-வது ஷரத்தில் மரண தண்டனை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 161-வது ஷரத்தில் அப்படிக் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் மரண தண்டனையை நிறுத்தவோ, குறைக்கவோ, மாற்றவோ சட்டப்படி கவர்னருக்குள்ள அதிகாரம் இதனால் பாதிக்கப்படாது என்று 72-வது ஷரத்தே காப்புச் செய்திருக்கிறது.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததன்று. 1948 டிசம்பர் 29-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. மரண தண்டனை விஷயம் ஜனாதிபதி ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று தஜமுல் ஹுஸேன் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. குற்றம் நடந்த பிரதேசத்தின் நிலைமையை நேரில் அறிந்தவர் அந்தப் பிரதேசத்தின் உள்நாட்டு மந்திரிதான். ஆகையால் அவருடைய யோசனையின் பேரில் கவர்னர் முதலில் பரிசீலிப்பதே நல்லது. அங்கே பலிக்காவிட்டால் ஜனாதிபதியிடம் போகலாம் என்பது அவருடைய வாதம். கழுத்தில் கயிறு விழுவதற்கு முன் ஒரு மனிதனுக்கு இரண்டு கதவுகள் இருக்கட்டும் என்று நம் தேசத்தின் பெரியோர்கள் தீர்மானித்தார்கள்.

எந்தக் குற்றத்துக்கு எந்தக் கதவு? நெய்வேலிவாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். இங்கே சுரங்கமும் மின்சார நிலையமும் மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. ஆனால் நகரத்தின் தெருவில் ஒரு கொலையோ கொள்ளையோ நடந்தால் வழக்கைப் பதிவு செய்கிறவர்கள் ராஜ்ய சர்க்காரின் போலீஸார்தாம். அரசியல் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பிரித்திருக்கிறது. ராஜ்யத்தின் நிர்வாக அதிகாரம் எதுவரையில் செல்லுமோ, அதுவரையில் கவர்னரின் கருணை அதிகாரமும் செல்லும். மரண தண்டனை என்றாலோ, எந்தச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்டாலும், ஜனாதிபதியின் கதவையும் தட்டலாம்.

மக்கள் மந்திரி சபை இல்லாத காலம்

இந்த இரண்டு கதவுகளின் அருமையை உணர வேண்டுமானால் அந்நிய ஆட்சிக் காலத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1942 ஆகஸ்டுக் கிளர்ச்சியின் போது நடந்த குலசேகரன்பட்டினம் வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இரு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை குறைக்கப்பட்டு அவர்கள் உயிர் தப்பினார்கள்; பின்னர் விடுதலையும் பெற்றார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1946 ஜனவரி 8-ஆம் தேதி நால்வரும் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். 1939-ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது முதல் சென்னை மாகாணத்தில் கவர்னர் ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. 1946 ஏப்ரல் மாதம் பிரகாசம் மந்திரி சபை பதவி ஏற்றது. நடுவே இருந்தது நாலு மாத காலம். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரி ஒருவர் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நமக்கு இன்னும் அருகில் உள்ள உதாரணமும் உண்டு. விருத்தாசலத்தைத் தாண்டியிருக்கும் பெண்ணாடத்துப் பகுதியைச் சேர்ந்த புலவர் கலியபெருமாளை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அவருடைய ஆயுத வழியை நாம் ஒப்பவில்லை. 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு கொலை வழக்கில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுள் தண்டனையாக மாறிற்று. நெடுங்காலச் சிறைவாசத்துக்குப் பின் வெளியே வந்த அவர், மக்கள் துணையினால் மரணத்தை வென்றதாகத் தலைப்பிட்டே தம் வரலாற்றை எழுதினார். நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு தண்டனை எத்தனை ஆண்டு வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது என்பதற்கு அந்தப் புத்தகம் ஒரு சாட்சி.

கவர்னர் தனித்து முடிவு செய்யலாமா?

குடிமைப் பாடம் நடத்துகிறபோது மாணாக்கர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கவர்னர் பெரியவரா, முதல் மந்திரி பெரியவரா?" இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நாலு பேருடைய உயிரைப் பணயம் வைத்து விடை காண நேர்ந்தது.

1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவருடன் வேறு பலரும் கொல்லப்பட்டார்கள். தேசத்தையே உலுக்கிய கொடுமை அது. விசேஷக் கோர்ட்டு 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு நாலு பேருக்கு மட்டுமே அதை உறுதி செய்தது: நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன். பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. எனவே எஞ்சி நின்ற முக்கியக் குற்றம் சாதாரணச் சட்டத்தின் கீழ் வருகிற கொலைக் குற்றம்தான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

நால்வரும் அக்டோபர் மாதத்தில் கவர்னருக்குக் கருணை மனுச் செய்தார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பாத்திமா பீவி. ஸுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாக விளங்கியவர். 1999 அக்டோபர் 27-ஆம் தேதி அவர் மனுக்களை நிராகரித்தார். ஆனால் மந்திரி சபையின் யோசனையைக் கேட்கவில்லை. விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கருணை அதிகாரத்தைச் செலுத்தும்போது கவர்னர் மந்திரி சபையின் யோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டிலேயே மாரு ராம் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டு கூறியிருந்தது. அதன்படி ஹைகோர்ட்டு நவம்பர் 25-ஆம் தேதி கவர்னருடைய உத்தரவை ரத்துச் செய்தது.

2000 ஏப்ரலில் கருணாநிதி மந்திரி சபை கூடியது. நளினி ஒரு பெண் குழந்தைக்குத் தாய் என்பதை முன்னிட்டு அவருடைய தண்டனையை மட்டும் ஆயுள் தண்டனையாக மாற்றலாம் என்று சிபாரிசு செய்தது. கவர்னர் அவ்வாறே செய்தார். மற்ற மூவரின் மனுக்கள் தள்ளுபடியாயின. நாலு பேர் நின்ற வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்துவிட்டார். கையெழுத்து கவர்னருடையது, முடிவு மந்திரி சபையினுடையது. மாணாக்கர்களின் கேள்விக்கு விடையும் அதுவே.

பதினோரு வருஷ மௌனம்

மூவரும் 2000 ஏப்ரல் 26-ஆம் தேதி ஜனாதிபதிக்கு மனுச் செய்தார்கள். பதில் வந்தது 2011 ஆகஸ்டு மாதத்தில்! இடையில் பதினோரு வருஷங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. பதில் நிராகரிப்பு. செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கிலிட நாளும் குறித்தார்கள்.

அந்த ஆகஸ்டுக் கடைசியில் தமிழ்நாடு பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம் பெண் தீக்குளித்து மாண்டார். ஜனாதிபதி நிராகரித்துவிட்ட பிறகு ராஜ்யத்துக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சர்க்கார் 1991-இல் எழுதிய கடிதத்தை 29-ஆம் தேதி முதல் மந்திரி ஜயலலிதா சட்டசபையில் எடுத்துக் காட்டினார். மறு நாளே, தண்டனையைக் குறைக்கும்படி ஜனாதிபதியை வேண்டும் தீர்மானத்தை அவரே கொண்டு வந்தார். சபை ஏகமனதாக நிறைவேற்றியது. அதே 30-ஆம் தேதி ஹைகோர்ட்டு எட்டு வார காலத்துக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தது. கவர்னர் மாளிகையும் ஜனாதிபதி மாளிகையும் கதவைச் சாத்திவிட்ட பிறகு மூன்றாவது கதவு ஒன்று திறந்தது.

தாமதமே ஒரு தண்டனை என்ற கருத்து தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் முதலில் உரக்கச் சொல்லப்பட்டது. வாதீஸ்வரன் வழக்கில், எட்டு வருஷங்கள் மரண நிழலில் இருந்த கைதியின் தண்டனையை நீதிபதி சின்னப்ப ரெட்டி 1983-இல் ஆயுள் தண்டனையாக மாற்றினார்; இரண்டு வருஷத் தாமதமே இதற்குப் போதும் என்றார். 1989-இல் திரிவேணிபென் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்த இரண்டு வருஷக் கணக்கை நீக்கினார்கள். ஆனால் காரணமில்லாத தாமதத்தைக் கோர்ட்டுகள் கவனிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2014 ஜனவரி 21-ஆம் தேதி சத்ருகன் சௌகான் வழக்கில் பதினைந்து பேருடைய தூக்குத் தண்டனை மாற்றப்பட்டது. மனு நிராகரிக்கப்பட்ட செய்தியைக் கைதிக்குத் தெரிவித்த பிறகு பதினாலு நாளாவது பொறுத்தே தண்டனையை நிறைவேற்ற வேண்டும் என்று அப்போது விதி ஏற்பட்டது. தண்டனையை எதிர்த்துக் கடைசியாக ஒரு தடவை கேட்கவும், பெற்ற தாயைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவும் அந்தப் பதினாலு நாள். நாலே வாரத்தில், பிப்ரவரி 18-ஆம் தேதி, ராஜீவ் வழக்கின் மூவருக்கும் தூக்கு நீங்கியது.

கோப்பு தூங்கலாமா?

அதன் பிறகு எழுந்தது விடுதலைப் பிரச்னை. 2018 செப்டம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரி சபை இந்த வழக்கின் கைதிகள் ஏழு பேரையும் விடுவிக்கும்படி கவர்னருக்குச் சிபாரிசு செய்தது. கவர்னர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷங்களுக்கு மேல் சென்ற பின், 2021 ஜனவரியில், இது ஜனாதிபதி முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. 2022 மே 18-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு தானே பேரறிவாளனை விடுதலை செய்தது. இது சாதாரணக் கொலைச் சட்டத்தின் கீழ் வந்த தண்டனை. ஆகவே அதிகாரம் ராஜ்யத்தினுடையது. மந்திரி சபையின் சிபாரிசைக் கவர்னர் ஜனாதிபதிக்குத் தள்ளி விட முடியாது என்று தீர்ப்பில் கூறியது. நவம்பர் 11-ஆம் தேதி மற்ற அறுவரும் விடுதலை பெற்றார்கள். அவர்களுள் சாந்தன் தம் சொந்த ஊராகிய யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமலே 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி சென்னையில் ஆஸ்பத்திரியில் காலமானார்.

நாணயத்தின் மறுபக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு, கருணை எப்போதும் நல்லவர்கள் கையிலேயே இருக்கும் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி தர்மபுரிக்கு அருகே விவசாயக் கல்லூரி மாணவியர் சென்ற பஸ்ஸுக்குத் தீ வைக்கப்பட்டு மூன்று பெண்கள் உயிரோடு எரிந்து போனார்கள். தீ வைத்த மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, 2016-இல் ஸுப்ரீம் கோர்ட்டினாலேயே அது ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. 2018 நவம்பரில், 161-வது ஷரத்தின் கீழ் அம்மூவரும் விடுதலை ஆனார்கள். அவர்கள் அன்றைய ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்கள். கவர்னர் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார். மந்திரி சபை வற்புறுத்தவே ஒப்புதல் அளித்தார். அதே சமயத்தில் எழுவர் கோப்பு அதே மாளிகையில் அசையாமல் கிடந்தது.

படிக்கப் போன மகளைச் சாம்பலாகப் பெற்றுக்கொண்ட தாய் தகப்பனுக்கு இந்தக் கருணையைப் பற்றி நாம் என்ன சொல்ல முடியும்? மெய்ப்பொருள் நாயனார் தம் மார்பில் பட்ட குத்தைத் தாம் மன்னித்தார். பிறர் நெஞ்சில் பட்ட குத்தை மன்னிக்கிற சர்க்காருக்கு அந்த உரிமை அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடாது. பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்க வேண்டும். காரணத்தை எழுத வேண்டும். கட்சிக்காரன் என்பது காரணமாக இருக்கலாகாது. 2006-இல் ஆந்திர ராஜ்யத்து வழக்கு ஒன்றில், பொருத்தமில்லாத காரணங்களைக் கொண்டு அளித்த கருணையைக் கோர்ட்டு ரத்துச் செய்யலாம் என்று ஸுப்ரீம் கோர்ட்டு விதித்திருப்பதும் இதற்காகத்தான்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கவர்னர் குறுக்கிடலாமா என்பதற்கும் பழைய விடை ஒன்று உண்டு. 1960-இல் பம்பாய்க் கவர்னராக இருந்த ஸ்ரீ பிரகாசா, முன்னே நம் சென்னையிலும் கவர்னராக இருந்தவர், கடற்படை அதிகாரி நானாவதியின் ஆயுள் தண்டனையை நிறுத்தி வைத்தார். அப்பீல் ஸுப்ரீம் கோர்ட்டின் கையில் இருக்கும்போது அந்த உத்தரவு செல்லாது என்று அக்கோர்ட்டு கூறிவிட்டது. நீதி தன் வேலையை முடித்த பிறகே கருணை தன் வேலையைத் தொடங்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலில் இருக்கிறது. அப்பீல் தள்ளுபடியான செய்தியைச் சிறை அதிகாரி தெரிவித்த முப்பது நாளுக்குள் மரண தண்டனைக் கைதி மனுச் செய்யலாம். முதலில் கவர்னரிடம் செய்து அங்கே நிராகரிக்கப்பட்டால் அறுபது நாளுக்குள் ஜனாதிபதியிடம் செய்யலாம் என்று அதன் 472-வது பிரிவு கூறுகிறது. சிறையில் இருப்பவனுக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். மாளிகையில் இருப்பவர்கள் எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதற்குக் கெடு வைக்கவில்லை. கருணை மனுக்களை உடனுக்குடன் கவனிக்க ஒவ்வொரு ராஜ்யத்திலும் தனிப் பிரிவு ஏற்படுத்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருப்பது ஓரளவு ஆறுதல் தருகிறது.

தமிழ்நாட்டில் 1995 ஏப்ரல் 27-ஆம் தேதி சேலம் சிறையில் ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டதற்குப் பிறகு அந்தக் கயிறு தொங்கவில்லை. இது சட்டத்தினால் நேர்ந்ததன்று. நிறுத்தி வைத்தும் மாற்றியும் வந்ததனால் நேர்ந்தது. அஹிம்சையைத் தர்மமாகக் கொண்ட தேசம் மரண தண்டனையை அடியோடு ஒழிப்பதே முறை என்று டாக்டர் அம்பேத்கர் 1949 ஜூன் 3-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு அதை ஒழித்துவிடலாம் என்று சட்டக் கமிஷனும் 2015-இல் சிபாரிசு செய்தது. மகாத்மாவின் பெயரைச் சொல்லிச் சுதந்திரம் பெற்ற தேசம் அந்த முடிவுக்கு இன்னும் வரவில்லை.

வருகிற வரையில், மூன்று விஷயங்களைப் பிரஜைகளாகிய நாம் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மனுக்கள் மீது குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். கொன்றவனுடைய தாயையும் கொல்லப்பட்டவனுடைய தாயையும் கேட்ட பிறகே அதை எழுத வேண்டும். இதைக் கேட்பதற்குப் புலவராக இருக்க வேண்டியதில்லை. ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் கோவூர் கிழாரின் ஸ்தானம் இப்போது உண்டு. யானை வருவதற்கு முன்பே அந்த ஸ்தானத்தில் போய் நிற்பதுதான் நாம் செய்ய வேண்டியது.